வரத்துக்காரன் பேரனுக்கு

சுப்பையா,

நீ ஆடி முடித்து மூன்று நாளாகிறது. இந்த மூன்று நாளில் நான் தென்காசியில் எத்தனை தெருக்களில் வேலையில்லாமல் நடந்தேன் என்று உன் அம்மாவைக் கேட்டால் சொல்வாள். பால் வாங்க ஒருமுறை போனேன். அந்தப் பால் திரிந்துவிட்டது என்று பொய் சொல்லி இன்னொருமுறை போனேன். யாராவது கேட்கமாட்டார்களா என்பதுதான் காரியம். கேட்டார்கள். ரத வீதி முக்கில் ஜெராக்ஸ் கடைக்காரர் வெளியே வந்து, "அண்ணாச்சி, ஒங்க பையன் மலேசியாவுக்கு ஆடுதானாமே? நம்ம நாட்டுக்குல்லா ஆடணும்? என்ன இப்படிப் பண்ணிட்டான்!" என்றார். அவருக்கு நான் சொன்ன பதில் முக்கால் மணி நேரம் ஓடியது. கடைக்கு வந்த இரண்டு பேர் திரும்பிப் போய்விட்டார்கள். எனக்கு வருத்தமில்லை. ஐம்பத்தாறு வயதில் முதல்முறையாக என்னிடம் ஒரு முழுமையான பதில் இருக்கிறது.

ஒரு நாட்டு அணிக்கு யார் ஆடலாம் என்கிற அந்த ரக்பி விதிகளை நீ அனுப்பியபோது இருபது பக்கம் என்று பயந்தாய். உன் அப்பன் வரலாற்றில் எம்.பில். முடித்துவிட்டு முப்பது வருடமாக வருவாய்த் துறையில் நேட்டிவிட்டி சான்றிதழுக்குப் பரிந்துரை எழுதுகிறவன் என்பதை மறந்துவிட்டாய். ஒருவன் எந்த ஊர்க்காரன் என்று தீர்மானிப்பதுதான் என் சோறு. உன் ரக்பிக்காரர்கள் அதை என்னைவிட நேர்த்தியாகச் செய்திருக்கிறார்கள். நீ அந்த நாட்டில் பிறந்திருக்க வேண்டும். இல்லையென்றால் உன் அப்பாவோ அம்மாவோ பிறந்திருக்க வேண்டும். அதுவும் இல்லையென்றால் தாத்தா பாட்டிகளில் ஒருவர் பிறந்திருந்தாலும் சரி. எதுவுமே இல்லாதவனுக்கும் கதவைச் சாத்தவில்லை. ஐந்து வருடம் விடாமல் அங்கே பதிவு செய்து ஆடினால், அல்லது விட்டுவிட்டாவது மொத்தம் பத்து வருடம் வாழ்ந்தால், வா என்கிறார்கள். பாஸ்போர்ட்டைக் கேட்கவில்லை. உன் பாஸ்போர்ட் இன்றும் இந்தியப் பாஸ்போர்ட்தான். சாதி கேட்கவில்லை, சொத்து கேட்கவில்லை, யாருடைய முகத்துக்கு நீ பிடித்தவன் என்று கேட்கவில்லை. ஒரே ஒரு காகிதம் கேட்டார்கள். அந்தக் காகிதம்தான் நம் குடும்பத்தில் எல்லோரும் வெட்கப்பட்ட காகிதம்.

உன் தாத்தாவை நீ பார்த்ததில்லை. பெயரை மட்டும் சுமக்கிறாய். அவர் பிறந்தது, உன் மலேசியா மலாயாவாக இருந்த காலத்தில், தைப்பிங் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில். அவருடைய அப்பா அங்கே கிராணி, அதாவது தோட்டத்துக் கணக்குப்பிள்ளை. போர் முடிந்து கப்பலேறி எல்லோரும் சொந்த ஊரான இலஞ்சிக்குத் திரும்பியபோது தாத்தாவுக்குப் பத்து வயது. திரும்பி வந்த பிறகு இலஞ்சியில் பிறந்தவர் அவருடைய தம்பி, உன் சின்னத் தாத்தா. ஒரே தாய் வயிறு, நடுவில் ஒரு கடல். அந்தக் கடலை வைத்துத்தான் என் வாழ்க்கை முழுவதையும் நாசம் பண்ணினார்கள்.

இங்கே ஒரு சொல் உண்டு, உனக்குத் தெரியும். அருவியில் தண்ணீர் கூடினால் "வரத்து ஜாஸ்தி" என்போம். எங்கிருந்தோ வந்து சேர்வது வரத்து. அதே சொல்லை உன் தாத்தா மேல் போட்டார்கள். வரத்துக்காரன். பத்து வயதில் வந்தவரை ஐம்பது வயதிலும் அப்படித்தான் சொன்னார்கள். என் பள்ளிக்கூடத்தில் என் பெயரையே யாரும் சொல்லமாட்டார்கள். "வரத்துக்காரன் மவன் வருதாம்லே" என்பார்கள். மலையில் எங்கோ பெய்து இறங்குகிற தண்ணீருக்கு ஊரே தலையைக் கொடுக்கும். அது நம் அருவி. மனுஷன் வந்தால் மட்டும் வரத்து.

நம் வகையறாவுக்கு ஒரு சாஸ்தா கோயில் இருப்பது தெரியும். பங்குனி உத்திரத்தன்று குடும்பத்தின் மூத்தவனுக்குத் தலையில் பரிவட்டம் கட்டுவார்கள். கட்டுகிற துணி ஒரு முழம்கூட இருக்காது. ஆனால் அதைக் கட்டிக்கொண்டு நிற்கிறவனைத் தாண்டித்தான் மற்றவர்கள் திருநீறு வாங்க வேண்டும். என் தாத்தா இறந்த வருடம் அந்த மரியாதை மூத்த மகனான உன் தாத்தாவுக்கு வந்திருக்க வேண்டும். சின்னத் தாத்தா கூட்டம் போட்டார். "இந்த மண்ணுல பொறந்த மூத்தவனுக்குத்தான் பரிவட்டம். கடலுக்கு அங்கன பொறந்தவனுக்கு எப்படிக் கட்டுவிய?" என்று கேட்டார். கேட்டதோடு நிற்கவில்லை. தெரிந்தவர் மூலம் மலாயாவிலிருந்து அண்ணனுடைய பிறப்புப் பதிவின் நகலை வரவழைத்து, மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒரு மனிதன் தன் சொந்த அண்ணனுக்கு எதிராக அந்தக் காலத்தில் கடல் கடந்து காகிதம் வாங்கினான் என்றால் அந்த வன்மத்தின் உழைப்பைப் பார்.

எனக்கு அப்போது பத்தொன்பது வயது. நான் எழுந்தேன். "எங்கப்பா இலஞ்சிலதான் பொறந்தாரு. மூணு மாசக் கொழந்தையா கப்பல்ல கொண்டு போனாங்க. நான் சத்தியம் பண்ணுதேன்" என்றேன். சூடத்தை ஏற்றச் சொல்லிக் கையை நீட்டினேன். கூட்டம் அசைந்துவிட்டது. சின்னத் தாத்தா மடியிலிருந்து காகிதத்தை எடுக்கப் போகிறார். அதற்குள் உன் தாத்தா என் கையைப் பிடித்து இறக்கினார். "பொய் சொல்லாதலே" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். பிறகு கூட்டத்தைப் பார்த்து, "நான் மலாயாவுலதான் பொறந்தேன். தம்பி காயிதத்த எடுக்க வேண்டாம். அவனுக்கே கெட்டுங்க" என்றார். அவ்வளவுதான். தம்பி தலையில் துணி ஏறியது. அந்தக் காகிதமும் கூட்டத் தீர்மானமும் கோயில் இரும்புப் பெட்டிக்குள் போயின. பெட்டி சின்னத் தாத்தா வீட்டுக்குப் போனது.

அன்றிலிருந்து அந்த வீட்டு வாசலை நான் மிதிக்கவில்லை. ஆனால் உண்மையில் நான் அதிகம் கோபப்பட்டது சின்னத் தாத்தாவிடம் இல்லை, என் அப்பாவிடம். ஜெயிக்க வேண்டிய இடத்தில் உண்மையைச் சொல்லித் தோற்ற மனிதர் என்று ஐந்து வருடம் அவரோடு சரியாகப் பேசவில்லை. பிறகு அவரே இல்லை. கோபத்தை விட்டுவிடு என்று உனக்கு நான் உபதேசம் செய்யப் போவதில்லை. என் கோபங்கள்தான் என்னைப் பரீட்சைகளில் தேறவைத்தன. ஆனால் யார் மேல் கோபப்படுகிறோம் என்பதில் கொஞ்சம் நிதானம் வேண்டும் என்று மட்டும் சொல்கிறேன். நான் ஆள் மாற்றிக் கோபப்பட்டவன்.

உன்னிடமும் அதே தவற்றைச் செய்தேன். சென்னை விடுதியில் அந்த ஆட்டத்தைப் பிடித்துக்கொண்டு விடுமுறைக்கு வந்தபோது, நீ முற்றத்தில் பந்தைத் துடைத்துக்கொண்டிருந்தாய். "இந்த முட்டைப் பந்தைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு உருளவா இன்ஜினியரிங் சேர்த்தேன்?" என்று கேட்டேன். இரண்டாம் வருடம் உனக்குக் காறை எலும்பு முறிந்தபோது உன் அம்மா மட்டும் ரயிலேறினாள். எனக்கு ஆபீஸில் ஜமாபந்தி, வருடக் கணக்குத் தணிக்கை என்று சொன்னேன். ஜமாபந்தி முந்தின வாரமே முடிந்திருந்தது. நான் வராததற்குக் காரணம், நீ வலியில் படுத்திருப்பதைப் பார்த்தால் இனி ஆடாதே என்று சொல்லிவிடுவேன், நீ கேட்டுவிடுவாய் என்ற பயம். அந்த ஒரு பொய்யை மட்டும் நல்ல பொய்களில் சேர்த்துக்கொள்.

கோலாலம்பூரில் வேலை கிடைத்துப் போனாய். கிளப்பில் ஆடினாய். இரண்டே வருடத்தில் தேசிய அணிக்காரர்கள் கூப்பிட்டுக் கேட்டார்கள்: உனக்கு இந்த நாட்டோடு ஏதாவது தொடர்பு உண்டா? நீ எனக்குப் போன் செய்தாய். "அப்பா, தாத்தா எங்க பொறந்தாங்க?" என்று நீ கேட்டபோது நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். முப்பது வருடத்துக்கு மேலாக நம் வீட்டில் யாரும் கேட்காத கேள்வி. "தைப்பிங்" என்றேன். நீ போனிலேயே கத்தினாய். நம் குடும்பத்தில் அந்த ஊர்ப் பெயரைக் கேட்டு ஒருவன் சந்தோஷப்பட்டது அதுதான் முதல்முறை.

ஆனால் சொன்னால் போதாது, காகிதம் வேண்டும். பதிவு அலுவலகத்தில் பெயரை வைத்துத் தேடிப் பார்த்து இல்லை என்றார்கள். பதிவெண் இருந்தால் கிடைக்கலாம் என்றார்கள். வீட்டில் தேடச் சொன்னாய். நான் தேடுகிறேன் என்றேன். நான்கு மாதம் தேடுகிறேன், தேடுகிறேன் என்று சொன்னேன். அந்த நான்கு மாதமும் பதிவெண் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். இலஞ்சியில், இரும்புப் பெட்டிக்குள், சின்னத் தாத்தாவின் மகன் ஆறுமுகம் வீட்டில். இப்போது பரிவட்டம் கட்டுகிறவன் அவன்தான். எனக்குத் தம்பி முறை. அவன் வாசலில் போய் நிற்பதைவிட உன் வாய்ப்பு போனால் போகட்டும் என்று நினைத்தேன். இதை எழுத வெட்கமாக இருக்கிறது. எழுதத்தான் வேண்டும். கடைசியில், "அப்பா, இன்னும் பத்து நாள்தான். அதுக்கப்புறம் பேர் குடுக்க முடியாது. பரவால்ல, விடுங்க" என்றாய். அந்த "விடுங்க" உன் தாத்தாவின் குரல். "அவனுக்கே கெட்டுங்க" என்று சொன்ன அதே குரல். இரண்டாவது முறையும் அந்தக் குரலை நான் தோற்கவிடுவதாக இல்லை.

மறுநாள் காலை பஸ்ஸேறி இலஞ்சியில் இறங்கினேன். ஆறுமுகம் வாசலில் தேங்காய் உரித்துக்கொண்டிருந்தான். நிமிர்ந்து பார்த்தான்.

"வாங்க அண்ணாச்சி. வழி தெரிஞ்சுதான் வந்தியளா, இல்ல பஸ்ஸு மாறி ஏறிட்டியளா?"

"பெட்டியில எங்கப்பா காயிதம் ஒண்ணு இருக்குல்லா. அதப் பாக்கணும்."

கம்பிப் பாரையை அப்படியே விட்டுவிட்டு எழுந்தான். "என்ன, பழையபடி பரிவட்டத்துக்குக் கேஸ் போடப் போறியளா? எங்கப்பா சாவுற அன்னிக்குகூட, அண்ணன் மவன் வருவான், சூதானமா இருலேன்னுதான் சொல்லிட்டுப் போனாரு."

நான் பதில் சொல்லுமுன் அவனே உள்ளே போய் எடுத்து வந்தான். சுப்பையா, நீ அதைப் பார்த்திருக்க வேண்டும். அந்தக் காகிதத்தை லேமினேட் செய்து வைத்திருந்தான்! என் பத்தாம் வகுப்புச் சான்றிதழைக் கரையான் தின்றுவிட்டது. உன் அம்மாவின் கல்யாணப் போட்டோ வெளுத்துவிட்டது. என் எதிரி மட்டும் என் அப்பாவின் பிறப்பை ஒரு சுருக்கம் விழாமல் காத்து வைத்திருந்தான். பகையைப்போல ஒரு காவல் கிடையாது. எழுத்துகள் மங்கவில்லை. பதிவெண் பளிச்சென்று இருந்தது. பெயர் மட்டும் இங்கிலீஷில் 'சுப்பியா' என்று இருந்தது. அதனால்தான் உனக்குக் கிடைக்கவில்லை.

இங்கேதான் என் உத்தியோகம் கை கொடுத்தது. அந்த சுப்பியாவும் இந்த சுப்பையாவும் ஒரே ஆள் என்று ரத்த சொந்தம் ஒருவர் உறுதிமொழிப் பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டும். மகனான நானே போடுவதைவிட, வேறு வீட்டுக்காரன் போட்டால் பலம். நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே ஆறுமுகம் சொன்னான்: "போட்டோ எடுத்துக்கிடுங்க, நான் வேண்டாங்கல. ஆனா அன்னிக்குக் கூட்டத்துல பெரியப்பா வாயாலதான சொன்னாரு, எழுத்துல ஒண்ணும் தரலயே. பெரியப்பா மலாயாவுல பொறந்தவருதான்னு நீங்க எழுதிக் குடுங்க. நாளைக்கு ஒங்க பையன் வந்து சண்டைக்கு நிக்கப்பிடாது பாருங்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மீசையைத் தடவி அடக்கினேன். "எழுதித் தாரேன். ஆனா நான் மட்டும் எழுதுனா செல்லாதே ஆறுமுகம். நீயும் போடணும். ரெண்டு வீடும் ஒத்துக்கிட்டாதான் கெட்டி" என்றேன்.

"போடுதேன். மூணு காப்பியா எடுங்க" என்றான் அவன்.

அன்று மதியமே தென்காசியில் நோட்டரி முன்னால் உட்கார்ந்தோம். மலாயாவில் பிறந்ததாகப் பதிவான சுப்பியா என்பவரும் இலஞ்சியில் வாழ்ந்து மறைந்த சுப்பையா என்பவரும் ஒருவரே என்று வாசகத்தை நானே எழுதினேன். என் வாழ்நாளில் அவ்வளவு அழகான கையெழுத்தில் எதையும் எழுதியதில்லை. ஆறுமுகம் ஒவ்வொரு வரியையும் விரல் வைத்துப் படித்தான். "மலாயான்னு தெளிவா இருக்குல்லா? அதக் கொஞ்சம் பெரிசாப் போடுங்க" என்றான். போட்டேன். மூன்று பிரதியிலும் அழுத்தி அழுத்திக் கையெழுத்திட்டான். என் அப்பாவைத் தள்ளிவைக்க வாங்கிய காகிதத்தை, அதே வீட்டுக்காரன் கையால் உனக்கு வாங்கிக் கொடுத்தேன். காரணத்தைச் சொல்லவில்லை. அவன் கேட்கவில்லை. முப்பத்தேழு வருடத்துக்குப் பிறகு அன்று மதியம் பசித்துச் சாப்பிட்டேன்.

மிச்சம் உனக்குத் தெரியும். பதிவெண்ணை வைத்து ஒரே நாளில் பதிவு கிடைத்தது. படிவத்தில் தகுதிக்கான அடிப்படை என்ற இடத்தில் 'தாத்தாவின் பிறப்பு' என்று எழுதி எனக்குப் படம் அனுப்பினாய். அதை நான் அச்செடுத்து வைத்திருக்கிறேன்.

உனக்குத் தெரியாதது இங்கே நடந்தது. சனிக்கிழமை மதியம் போனை அரிசி டப்பாமேல் சாய்த்துவைத்து நானும் உன் அம்மாவும் உட்கார்ந்தோம். முதல் பாதி முழுக்க நீ வெளியே இருந்தாய். உன் அம்மா, "தம்பிய எப்ப விடுவாங்க, தம்பிய எப்ப விடுவாங்க" என்று என்னைப் பிடுங்கி எடுத்தாள். நீ பிறந்ததிலிருந்து உன்னைத் தம்பி என்று மட்டுமே கூப்பிடுகிறவள். மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லக்கூடாது, உனக்கோ அவர் பெயர். உன் பள்ளிக்கூட விண்ணப்பத்தில்கூடப் பெயரைக் கேட்டபோது என் பக்கம் கையைக் காட்டியவள். கடைசி இருபது நிமிஷத்துக்கு உன்னை இறக்கினார்கள். உங்கள் அணி இரண்டே புள்ளிதான் முன்னால். நேரம் முடியப்போகிறது. எதிரணியின் அந்த நெட்டையன் பந்தோடு ஓரத்தில் பறக்கிறான், அவனுக்கும் கோட்டுக்கும் நடுவில் நீ ஒருவன்தான். உன் அம்மா எழுந்துவிட்டாள். "ஏலே சுப்பையா! விடாதலே! காலப் பிடிலே, சுப்பையா!" தெருவே கேட்டது. நீ பிடித்தாய். இருவரும் கோட்டுக்கு வெளியே உருண்டீர்கள். விசில். அதற்குப் பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டு உன் தாத்தா படத்தைப் பார்த்தாள். நான் சொன்னேன், "இத்தன வருசத்துல அவர இவ்வளவு மரியாதையா யாரும் கூப்பிட்டதில்ல."

அடுத்த நாள் காலை ஆறுமுகம் வந்தான். நம் வீட்டு வாசலைத் தேடி வந்தது இதுதான் முதல்முறை. செருப்பைக் கழற்றாமல் நின்றான். கையில் போன், அதில் உன் படம்.

"அண்ணாச்சி, இதுக்குத்தான் மூணு காப்பியா?"

"நீதான மூணு கேட்ட?"

முதலில் முறைத்தான். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தான். "ஊர்ல கேக்காங்க, ஒங்க அண்ணன் பையன் நாட்ட விட்டுக்குடுத்துட்டானாமேன்னு. நான் சொல்லிட்டேன், எவம்லே சொன்னது, அவன் அவுக தாத்தன் பொறந்த மண்ணுக்கு ஆடுதான், அதுக்குச் சாச்சிக் கையெழுத்துப் போட்டவனே நான்தான்னு. என் கையெழுத்து இல்லன்னா அவன் அங்கன எறங்கியிருப்பானா? நீங்களே சொல்லுங்க."

நான் அவனை மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதே. காப்பி கொடுத்தேன். இரண்டாவது டம்ளரும் கொடுத்தேன். பங்குனி உத்திரத்துக்கு நீ வந்தால் பரிவட்டத்தை உனக்குக் கட்டலாம் என்று அவனாகவே இழுத்தான். "அவனுக்குத் தகுதி இருக்கான்னு ஒங்கப்பா போட்ட விதியப் பாரு ஆறுமுகம்" என்றேன். தலையைச் சொறிந்துகொண்டே போனான். அந்த ஒரு நிமிஷத்துக்காக இன்னொரு முப்பத்தேழு வருடம் காத்திருக்கலாம்.

இனி கடைசி விஷயம். நீ கேட்கவில்லை, ஆனாலும் சொல்லவேண்டும். தாத்தாவிடமே அந்தப் பிறப்புச் சான்றின் அசல் இருந்தது. வெள்ளித் தாளில் மடித்துத் தன் துணிப் பெட்டியில் வைத்திருந்தார். அவருடைய பதினாறாம் நாள் காரியம் முடிந்து குற்றாலத்துக்குக் குளிக்கப் போனோம். மெயினருவியில் வரத்து அதிகம், ஆட்களை நிறுத்திவைத்திருந்தார்கள். அந்தத் தாள் என் சட்டைப் பையில் இருந்தது. நாலாகக் கிழித்து அருவித் தண்ணீர் ஓடும் கால்வாயில் விட்டேன். நீ நான்கு மாதம் தேடிய காகிதத்தைக் கிழித்தவன் நான்தான். எதிரி லேமினேட் செய்து வைத்திருந்தான், மகன் கிழித்தான். இந்தக் கணக்கை எப்படித் திருப்பிப் போட்டாலும் எனக்குச் சாதகமாக வரவில்லை. நேற்று அதே இடத்தில் போய் நின்றேன். அன்று போலவே, "வரத்து ஜாஸ்தி, யாரும் போகாதீங்க" என்று மைக்கில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சொல் முதல்முறையாக என் காதில் வசவாக விழவில்லை. விலகி நில், வருகிறவன் பெரிய ஆள் என்று சொல்வதுபோல் இருந்தது.

அம்மாவிடம் ஒரு பெண்ணைப் பற்றிச் சொன்னாயாமே, தைப்பிங் பெண்ணாம். ஊரைக் கேட்டதும் நான் சரி என்றுவிட்டேன். அவளைப் பற்றி விசாரிக்க மாட்டேன், அவளுக்கு என்னைப் பிடித்தால் போதும். உனக்குப் பிறக்கும் பிள்ளை அங்கே பிறக்கும். ஊர் அதை என்ன பெயர் வைத்துக் கூப்பிட்டாலும் கவலைப்படாதே. நாளை அந்தப் பிள்ளையும் முட்டைப் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடி, இந்தியச் சட்டைதான் வேண்டும் என்று அடம் பிடித்தால், பாஸ்போர்ட்டை நாடுகள் பார்த்துக்கொள்ளட்டும். ரக்பி விதி என்ன கேட்கும் என்று எனக்குத் தெரியும். அப்பா பிறந்த ஊரைக் கேட்கும், அதற்கு நீ இருக்கிறாய். உன் காகிதங்களைத் தொலைப்பதில் நீ என்னைவிடக் கெட்டிக்காரன் என்பதால் அடுத்த வழியையும் தயார் செய்துவிட்டேன். அந்தப் பிள்ளைக்குத் தாத்தா நான், நான் பிறந்த ஊர் இலஞ்சி. பதிவெண்ணோடு என் பிறப்புச் சான்று ரத வீதி ஜெராக்ஸ் கடையில் நேற்றுத்தான் லேமினேட் ஆனது. மூன்று பிரதி. ஒன்று இந்தக் கடிதத்தோடு வருகிறது. ஒன்று அம்மாவிடம் இருக்கிறது. மூன்றாவதை ஆறுமுகத்திடம் கொடுத்து இரும்புப் பெட்டியில் வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

உன் அப்பா